காளையார்கோவிலுக்குப் போன மூட்டை

அத்தியாயம் பதினான்கு

செவ்வாய்க்கிழமை ரயிலுக்கு வியாழக்கிழமையே கிளம்பிவிட்டார்கள் வீரையாவும் பொன்னழகும். கிளம்பியவர்கள் வெள்ளிக்கிழமை முழுக்கக் காரைக்குடியில் தங்கள் வீட்டு அடுப்படியிலேயே உட்கார்ந்து மூன்று வேளையும் சாப்பிட்டார்கள் என்றால், அதற்குக் காரணம் உண்டு.

இந்த வாரம்தான் புதிதாக வந்து உட்கார்ந்திருக்கும் வாசகர்களுக்கு அதைச் சொல்லிவிடுகிறேன். பழைய வாசகர்கள் அதற்குள் ஒரு வாய் காப்பி குடித்துவிட்டு வரலாம்.

வீரையா, திருவிழாவுக்குத் திருவிழா ராட்டினம் கொண்டுபோய் நிறுத்துகிறவர். சிவகங்கைச் சீமையில் 'ராட்டினத்து வீரையா' என்றால் தெரியாதவர்கள் இல்லை. அவருடைய ஒரே மகன் சத்தியமூர்த்தி ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் என்ற ஊரில் எஞ்சினீயர். ராட்டினத்துக்காரர் பெற்ற பிள்ளை இல்லையா, அங்கே போனதும் அவன் முதலில் போய்ப் பார்த்தது அந்தப் பக்கத்து நாடுகளின் ராட்டினங்களைத்தான். ஊரளவு பெரிய தோட்டத்துக்குள்ளே நூறு வகை விளையாட்டு. மலை உச்சியிலிருந்து விழுகிற ரயில், குப்பைத் தாளை 'கொண்டா, கொண்டா' என்று கேட்டு வாங்கித் தின்கிற மரப் பொம்மை, ரயில் பெட்டி அளவுக்கு அறைகள் தொங்குகிற வியன்னா ராட்டினம். அப்பாவையும் அம்மாவையும் கூட்டிப்போய் இதையெல்லாம் காட்டியே தீருவது என்று ஆறு வருஷம் சேர்த்து வைத்து, இரண்டு விமான டிக்கெட் அனுப்பிவிட்டான்.

பயணத்துக்குத் திட்டம் போடும் பொறுப்பை யாரும் நாச்சியாரிடம் கொடுக்கவில்லை. அவளே எடுத்துக்கொண்டாள். நாச்சியார் வீரையாவின் அக்காள். கல்யாணமாகி ஒரு வருஷத்துக்குள் வெள்ளைச் சேலையோடு தம்பி வீட்டுக்கு வந்தவள். அன்றிலிருந்து அந்த வீட்டில் உப்பு புளி முதல் ஊர்ப் பயணம் வரை அவள் வைத்ததுதான் சட்டம்.

அவள் பஞ்சாங்கத்தை எடுத்து ஐரோப்பாவைத் திருத்தத் தொடங்கி ஒரு மாசமாகிறது. சத்தியமூர்த்தி அனுப்பிய வரைபடம் அடுப்படிச் சுவரில் சோற்றுப் பசையால் ஒட்டியிருந்தது. சனிக்கிழமை வியன்னா என்று அவன் எழுதியிருந்தான். வியன்னா கிழக்கே இருக்கிறது. சனிக்கிழமை கிழக்கே சூலம், அந்தத் திசையில் பயணம் ஆகாது. ஞாயிற்றுக்கிழமை ஹாலந்து, அது மேற்கே. ஞாயிறு மேற்கே சூலம். புதன்கிழமை லீவு போட்டுக் கோபன்ஹேகன் போகலாம் என்றால் அது வடக்கே, புதன் வடக்கே சூலம்.

"இம்புட்டுப் படிச்சவன், பார்த்துப் பார்த்துச் சூலத்துலயே குத்தியிருக்கான் பாரு" என்று நாச்சியார் தலையில் அடித்துக்கொண்டாள்.

அவனுக்கு லீவு கிடைப்பது அந்த நாட்களில்தான் என்று பொன்னழகு சொல்லிப் பார்த்தாள். வீட்டில் அவள் பேச்சு என்றைக்கு எடுபட்டிருக்கிறது? கடைசியில் நாச்சியாரே பரிகாரம் கண்டுபிடித்தாள். சனிக்கிழமை தயிர் குடித்துவிட்டு வியன்னா, ஞாயிறு வெல்லம் தின்றுவிட்டு ஹாலந்து, புதன் பால் குடித்துவிட்டுக் கோபன்ஹேகன். அந்த ஊரில் நல்ல தயிர் கிடைக்குமா என்று கேட்டு சத்தியமூர்த்திக்குக் கடுதாசியும் போயிற்று.

ஆனால் கடல் தாண்டுகிற பயணத்துக்குத் தயிரும் பாலும் போதாது. மெட்ராஸ் ரயில் செவ்வாய்க்கிழமை. மெட்ராஸ் வடக்கே; செவ்வாய் வடக்கே சூலம். ஆகவே வியாழக்கிழமை நல்ல நேரத்தில் பரஸ்தானம் வைத்துவிட்டாள். போகிறவர்களின் துணியில் ஆளுக்கு ஒன்று எடுத்து, மஞ்சளோடு முடிந்து, போகிற திசையில் வேறொருவர் வீட்டில் வைத்துவிடுவது. துணி போய்விட்டால் ஆளும் போனதாகவே அர்த்தம். அதன் பிறகு எந்தச் சூலம் என்ன செய்யும்? ஒன்றே ஒன்று, அந்த மூட்டை வீடு திரும்பக் கூடாது. திரும்பினால் பயணம் முறிந்தது.

மூட்டை வடக்குத் தெருவில் அமீனா வீட்டில் இருந்தது. அமீனாவின் புருஷன் சாதிக் அலி பினாங்கில் கடை வைத்திருக்கிறான். வருகிறதும் போகிறதுமாக இருக்கிற வீடு, ராசியான வீடு என்று நாச்சியார்தான் தேர்ந்தெடுத்தாள்.

இனி சனிக்கிழமை காலைக்கு வருவோம்.

கொல்லைப்பக்கம் பொன்னழகு பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். வேலிப் படலைத் தள்ளிக்கொண்டு அமீனா வந்தாள். முக்காட்டை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டே அடுப்படிப் பக்கம் ஒரு பார்வை பார்த்தாள்.

"பெரியக்கா எங்க?"

"பூசை அறையில இருக்காக. ஏன், என்னத்துக்கு இம்புட்டு மெதுவாப் பேசுற?"

"அக்கா, மூட்டை வீட்டுக்கு வந்துருச்சா?"

பொன்னழகின் கையிலிருந்த சட்டி சாம்பலில் விழுந்தது. "எந்த மூட்டை?"

"அண்ணன் விடியக்காலம் வந்தாக. உள்ள ஒரு சாமான் வைக்க மறந்துட்டேன், குடு ஆத்தான்னாக. குடுத்தேன். அவுத்து என்னமோ வச்சாக. அப்புறம் அப்படியே நின்னாக. நான் டீ எடுத்துட்டு வாரதுக்குள்ள மூட்டையைத் தூக்கிக்கிட்டுப் போயிட்டாக. உங்க வழக்கம் எனக்குத் தெரியாதுக்கா. ஆம்பளை எடுத்தாத் தப்பில்லையோ என்னமோன்னு விட்டுட்டேன். அதுக்கப்புறம் மனசு கேக்கலை."

பொன்னழகுக்கு ஒன்றும் புரியவில்லை. அவள் எழுந்திருப்பதற்கு முன்பே வீரையா கிளம்பிப் போயிருந்தார். காளையார்கோவிலில் வைகாசித் திருவிழா, ராட்டினம் அங்கேதான் நிற்கிறது, ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு வருகிறேன் என்று முதல் நாள் ராத்திரியே சொல்லியிருந்தார். மூட்டையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

போகிற வழியில் மூட்டையை எதற்கு எடுத்தார்? பயணம் வேண்டாம் என்று நினைத்துவிட்டாரா? வேண்டாம் என்றால் வாயைத் திறந்து சொல்ல மாட்டாரா? ஒரு வாரமாகவே அந்த மனிதர் சரியாக இல்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. பெட்டியில் எதை வைக்கச் சொன்னாலும் 'பார்ப்போம்' என்பார். கம்பளிச் சட்டை அளவு பார்க்க வா என்றால் 'இருக்கட்டும்' என்பார்.

பொன்னழகு போக ஆசைப்பட்டாள். நாம் ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிடலாம், அவள் இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. மகனைப் பார்க்கிற ஆசை ஒன்று. இன்னொன்று அவளுக்கே சொல்லக் கூச்சமானது. கல்யாணமான நாள் முதல் ராட்டினத்துக்குக் கீழே டிக்கெட் கிழித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். மேலே போகிறவர்களின் உள்ளங்கால்களைத்தான் அவள் பார்த்திருக்கிறாள். செருப்பில்லாத கால், மருதாணி வைத்த கால், பயத்தில் விரல் மடங்கிய கால். ஒரு தடவைகூட மேலே ஏறியதில்லை. வீரையாவின் தகப்பனார் காலத்திலிருந்து அது கட்டளை. எஞ்சினைப் பிடிக்கிறவன் வீட்டு ஆள் மேலே இருந்தால் அவன் கை நடுங்கும். கை நடுங்கினால் மற்றவர்கள் உயிருக்கு யார் பொறுப்பு? நியாயமான கட்டளைதான். ஆனாலும் வேறு யாரோ எஞ்சின் பிடிக்க, வேறு யாரோ டிக்கெட் கிழிக்க, தான் ஒரு ராட்டினத்தில் ஏறி உட்கார வேண்டும் என்று அவளுக்கு இருந்தது. அந்தத் தேசத்தில் அவளை யாருக்குத் தெரியும்?

"மதினிகிட்ட மூச்சு விட்டுராதே" என்றாள் அமீனாவிடம்.

"நான் எதுக்குச் சொல்றேன்? ஆனா அக்கா, அவுக கேட்டா எனக்குப் பொய் சொல்ல வராது."

பொன்னழகு முகத்தைக் கழுவிக்கொண்டு, பூசை அறை வாசலில் நின்று குரல் கொடுத்தாள். "மதினி, காளையார்கோவில் வரைக்கும் போயி சாமியைக் கும்பிட்டுட்டு வந்துர்றேன். கடல் தாண்டிப் போறோமில்ல?"

நாச்சியார் திரும்பிப் பார்த்தாள். "இன்னைக்கா? நீதான் கிளம்பிட்டியே, இனி எங்குட்டுப் போறதா இருந்தாலும் வடக்கதான் போகணும். காளையார்கோவில் தெக்கால்ல இருக்கு?"

"சாமிகிட்டப் போறதுக்குத் திசை உண்டா மதினி?"

நாச்சியார் பஞ்சாங்கத்தை ஒருதரம் புரட்டிப் பார்த்தாள். "வெரசா வந்துரு" என்று விட்டுவிட்டாள்.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்த பொன்னழகுக்கு வழி முழுக்க ஒரே குழப்பம். அவர் பயப்படுகிறாரா? பஸ் நிலையத்தில் ஒலிபெருக்கி கட்டிய வண்டி ஒன்று கத்திக்கொண்டு போனபோது அவளுக்கு ஒன்று தோன்றியது. ஒவ்வொரு திருவிழாவிலும் வீரையா மைக்கைப் பிடித்து, "உலகத்திலேயே உயரமான ராட்டினம்! வாங்க, வாங்க!" என்று கூப்பிடுவார். அதைக் கேட்டுத்தான் கூட்டம் வரும். நிஜமாகவே உயரமானதைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தால் அப்புறம் எப்படி அப்படிக் கூப்பிடுவார்? அவர் பொய் சொல்லத் தெரியாத மனிதர். இதுவரை அதைக் கண்ணால் பார்க்காததால்தான் அப்படிக் கூப்பிட்டார். ஓஹோ, அதுதான் விஷயம் என்று அவளாகவே ஒரு முடிவுக்கு வந்தாள். பஸ் காளையார்கோவிலில் நிற்பதற்குள் அவரிடம் பேச வேண்டியதையெல்லாம் அடுக்கியும் வைத்துக்கொண்டாள்.

மத்தியான வெயிலில் திருவிழா மைதானம் காலியாகக் கிடந்தது. பலகாரக் கடைக்காரன் படுதாவை இறக்கிவிட்டுத் தூங்கினான். ஆனால் ராட்டினம் சுற்றிக்கொண்டிருந்தது.

பொன்னழகு நின்றாள். எல்லாப் பெட்டியும் காலி. ஒரே ஒரு பெட்டியில், இருக்கையின் நடுவில், கயிற்றால் பத்திரமாகக் கட்டி வைத்த வெள்ளைத் துணி மூட்டை. அது மெதுவாக மேலே போனது, கோபுரத்தைப் பார்த்தது, கீழே வந்தது, மறுபடி மேலே போனது.

எஞ்சின் பக்கத்தில் மலையாண்டி உட்கார்ந்திருந்தான். வீரையாவிடம் பல வருஷமாக வேலை பார்க்கிற ஆள். அவளைக் கண்டதும் எழுந்து நின்றான்.

"முதலாளியம்மா, நல்லவேளை வந்தீக. காலையிலேர்ந்து மூட்டையை வச்சு நிறுத்தாமச் சுத்தச் சொல்றாக. என்னன்னு கேட்டாச் சோதனைங்கிறாக. சோதனைன்னா மணல் மூட்டைல்ல வைப்போம்? இது காத்தா இருக்கு. மைக்கையும் தொடலை, சோறும் திங்கலை. எனக்கு ஒண்ணும் வெளங்கலை."

வீரையா ராட்டினத்தின் காலடியில் ஒரு பழைய சாமான் பெட்டியைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்து அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். மனைவி வந்து நின்றதைக்கூட அவர் உடனே கவனிக்கவில்லை.

"ஏன் மூட்டையை எடுத்தீக?"

வீரையா திடுக்கிட்டார். "நீ எப்படி வந்தே?"

"பஸ்ஸுலதான். கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க. போக வேணாமா உங்களுக்கு?"

"அப்படி யாரு சொன்னா?"

"அப்ப வேணுமா?"

"அதுவும் நான் சொல்லலையே."

பொன்னழகுக்குக் கோபம் வந்தது. ராட்டினத்துக் கீழே உட்கார்ந்து பழகிய பொறுமையெல்லாம் அன்றைக்கு எங்கோ போய்விட்டது. "மலையாண்டி, நிறுத்து" என்றாள்.

மலையாண்டி பிரேக் கட்டையை அழுத்தினான். மூட்டை இருந்த பெட்டி ஆடிக்கொண்டே கீழே வந்து நின்றது. பொன்னழகு கொசுவத்தைத் தூக்கிச் செருகிக்கொண்டு, யாரும் தடுப்பதற்குள் பெட்டிக்குள் ஏறி உட்கார்ந்துவிட்டாள். மூட்டையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

வீரையா பதறி எழுந்தார். "ஏத்தா, என்ன செய்யிற? இறங்கு. நம்ம வீட்டாளு ஏறக்கூடாதுன்னு தெரியாதா?"

"எஞ்சினைப் பிடிக்கிறவன் வீட்டாளுதான் ஏறக்கூடாது. எஞ்சின்கிட்ட மலையாண்டி நிக்கிறான். நீங்களும் ஏறுங்க. இங்க வச்சுப் பேசினாப் பாதியில எந்திரிச்சுப் போயிருவீக. மேல போயிட்டா எங்குட்டுப் போவீக?"

மலையாண்டி வேறு பக்கம் திரும்பிச் சிரிப்பை அடக்கிக்கொண்டான். வீரையா ஒரு காலை வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். ஊருக்கெல்லாம் ராட்டினம் சுற்றிய மனிதர் அன்றுதான் அதில் முதன்முதலாக உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

பெட்டி எழும்பியது. பொன்னழகு மூட்டையை இறுகக் கட்டிக்கொண்டாள். "ஆத்தி" என்று அவளை அறியாமல் வாய்விட்டாள். பலகாரக் கடைக் கூரை காலுக்குக் கீழே போயிற்று. கோவில் குளமான ஆனைமடுவின் தண்ணீர் வெயிலில் மின்னியது. கோபுரத்துப் பொம்மைகள் கிட்டத்தில் வந்து அவளைப் பார்த்தன. இத்தனை வருஷமும் எல்லாரும் எதற்காகக் கத்தினார்கள் என்று அவளுக்குத் தெரிந்தது. சந்தோஷமாக இருந்தது. அந்த நேரத்திலும் அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

உச்சியில் வந்ததும் மலையாண்டி நிறுத்திவிட்டான். முதலாளியம்மா மனசைப் படித்தவன் அவன்.

"இப்பச் சொல்லுங்க. பெரிய ராட்டினத்தைப் பார்த்துட்டு வந்தா மைக்குல கூப்பிட முடியாதேன்னுதானே?"

வீரையா அவளை விநோதமாகப் பார்த்தார். "அதை நான் நெனைக்கவே இல்லையே. ஆமா, அதுவும் ஒரு சங்கடந்தான்."

பொன்னழகு அடுக்கி வைத்திருந்த பேச்செல்லாம் வீணாயிற்று. "அப்ப என்னதான்? இங்க பாருங்க. எனக்குப் போகணும். எம்புள்ளையைப் பார்க்கணும். அவன் சொன்ன அந்த ராட்டினத்துல உக்காரணும், மலையிலேர்ந்து விழுகிற ரயில்ல உக்காரணும். இந்த வீட்டுல எதுக்கும் எனக்கு வேணும்னு நான் கேட்டதில்லை. இதைக் கேக்குறேன். நீங்க வரலைன்னாலும் நான் போவேன்."

சொல்லி முடித்ததும் அவளுக்கே மூச்சு வாங்கியது. வீரையா அவள் பக்கம் திரும்பினார். அவர் கண் கலங்கியிருந்தது.

"நம்ம ராட்டினத்து நட்டு ஒண்ணை மூட்டையில வைக்கலாம்னுதான் போனேன். நாம போற எடமெல்லாம் அதுவும் வரட்டுமேன்னு ஒரு ஆசை. அவுத்தேன். பொன்னழகு, நீயே அவுத்துப் பாரு."

அவள் முடிச்சை அவிழ்த்தாள். மேலே வீரையாவின் வேட்டி. அதற்குக் கீழே அவளுடைய சுங்குடிச் சேலை. மஞ்சள் கிழங்கு, எண்ணெய்ப் பிசுக்கோடு ஒரு நட்டு. எல்லாவற்றுக்கும் அடியில், நான்காக மடித்து, பழைய கண்டாங்கிச் சேலை ஒன்று. பச்சையில் அரக்குக் கட்டம். நடுவில் நூல் இற்றுப்போய்த் தைத்திருந்தது.

பொன்னழகுக்கு அதைத் தெரியும். நாச்சியார் வண்ணச் சேலை கட்டிய அந்த ஒரு வருஷத்துச் சேலை. அப்புறம் அவள் கட்டவில்லை. சத்தியமூர்த்தி பிறந்தபோது அதைத்தான் தூளியாகக் கட்டினாள். பொன்னழகும் வீரையாவும் ராட்டினத்தோடு ஊர் ஊராகப் போய்விட, பிள்ளை அந்தத் தூளியில்தான் தூங்கினான், அத்தை ஆட்ட ஆட்ட.

"மதினி சேலையா?" பொன்னழகு அதைப் பிரித்துப் பார்த்தாள். "மதினியும் கிளம்பிட்டாகளா?"

"எனக்கென்ன தெரியும்? துணி போனா ஆளு போனமாதிரின்னு அக்கா தன் வாயாலதான் சொல்லுச்சு. டிக்கெட்டு ரெண்டுதான்னும் அதுக்குத் தெரியும். இதை அங்கேயே விட்டுட்டு வர எனக்கு மனசில்லை. வெளிய எடுத்து வச்சா, நீ வர வேணாம் அக்கான்னு சொன்னமாதிரி ஆயிரும். அப்படியே கொண்டுக்கிட்டுப் போனா, போயி என்ன செய்யிறது? ஒண்ணும் புரியாம இங்க வந்துட்டேன். சின்னதுல அக்கா அப்பாகிட்ட ராட்டினத்துல ஏறணும்னு அழும். ஒரு தடவைகூட அவர் விட்டதில்லை. சரி, சேலையாவது ஏறட்டுமேன்னு..."

துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

பொன்னழகு சேலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு அழுகையும் வந்தது, எரிச்சலும் வந்தது. இப்போதுதான், வாழ்நாளில் ஒரே ஒரு தடவை, எனக்கு வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்டாள். கேட்ட வாய் மூடுவதற்குள் இப்படி ஒரு சேலையை மடியில் போட்டால் அவள் என்ன செய்வாள்?

"நான் நின்னுக்கிறேன்" என்றார் வீரையா. "நீயும் அக்காவும் போயிட்டு வாங்க."

"டிக்கெட்டுல வீரையான்னு போட்டிருக்கு. மதினி மீசை வச்சுக்கிட்டா போவாக?"

வீரையா சிரித்துவிட்டார். அவளும் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் நின்றபடியேதான்.

அப்போதுதான் பஸ் நிறுத்தத்துப் பக்கமிருந்து ஒரு வெள்ளைச் சேலை வேகமாக வருவதை மேலிருந்து பொன்னழகு பார்த்தாள். அந்த நடை அவளுக்கு நன்றாகத் தெரியும். அமீனாவுக்குப் பொய் சொல்ல வராது என்பதும் ஞாபகம் வந்தது.

"மலையாண்டி, இறக்கு!" என்று கத்தினார் வீரையா.

பெட்டி கீழே வந்து நிற்கவும் நாச்சியார் வந்து சேரவும் சரியாக இருந்தது. மூச்சு இரைத்தது அவளுக்கு. தம்பியைப் பார்த்தாள், மூட்டையைப் பார்த்தாள்.

"வடக்கே போக வேண்டிய மூட்டையைத் தெக்கே கொண்டாந்திருக்கியேடா! பயணத்தை முறிச்சுட்டியே!"

"முறியலை மதினி" என்றாள் பொன்னழகு. "மூட்டை வீட்டுக்குத் திரும்பலையே. இன்னும் வெளியதான் இருக்கு. போற வழியில ராட்டினம் ஏறிச்சு, அம்புட்டுத்தான்."

இப்படி ஒரு விளக்கத்தை நாச்சியார் எந்தப் பஞ்சாங்கத்திலும் படித்ததில்லை. பதில் சொல்ல வாயெடுத்தவள், பொன்னழகின் மடியில் விரிந்து கிடந்த பச்சைக் கண்டாங்கியைக் கண்டாள். முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

வீரையா பெட்டியிலிருந்து இறங்கி அக்காளுக்குப் பக்கத்தில் போய் நின்றார். அவர் விட்டுப்போன இடம் காலியாக இருந்தது. பொன்னழகு நகர்ந்து உட்கார்ந்தாள்.

"ஏறுங்க மதினி."

"சீ, என்ன பேச்சு இது. எனக்கென்ன வயசு?"

"ஏறுங்கன்னா ஏறுங்க."

மருமகளாக வந்த நாள் முதல் பொன்னழகு அப்படி ஒரு குரலில் பேசியதில்லை. நாச்சியார் தம்பியைப் பார்த்தாள். அவர் தலையைக் குனிந்துகொண்டு கையை நீட்டினார். அந்தக் கையைப் பிடித்து நாச்சியார் ஏறினாள். இருக்கையின் ஓரத்தில், இடம் போதாதவள் மாதிரி ஒடுங்கி உட்கார்ந்தாள்.

மலையாண்டி எஞ்சினைத் தொடப் போனான். "தள்ளுப்பா, நானே பிடிக்கிறேன்" என்று வீரையா வந்தார். தகப்பனார் கட்டளையை அவர் மறக்கவில்லை. அவர் கை நடுங்கத்தான் செய்தது. அதனாலேயே ராட்டினம் அன்றைக்குச் சுற்றியதுபோல் என்றைக்கும் அத்தனை மெதுவாகச் சுற்றியதில்லை.

பெட்டி எழும்பியதும் நாச்சியார் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். பொன்னழகின் மணிக்கட்டைப் பிடித்த பிடி வலித்தது. பாதி உயரத்தில் ஒரு கண்ணைத் திறந்தாள். அப்புறம் இரண்டையும் திறந்தாள்.

"நான் வாரதுக்காக வைக்கலை, பொன்னழகு" என்றாள். "சேலையாவது அவன் கண்ணுல படட்டும்னுதான் வச்சேன். பார்த்தா அவனுக்குத் தெரியும்."

"டிக்கெட்டு ரெண்டுதான் அனுப்பிட்டான். பெத்தவகளை மட்டும் நெனைச்சான், வளத்தவகளை மறந்துட்டான். அங்க போனதும் காதைத் திருகிக் கேக்குறேன்."

"அவனை ஒண்ணும் சொல்லாதே." நாச்சியாரின் பார்வை கோபுரத்துக்கு மேலே எங்கோ இருந்தது. "அவன் கேட்டான். மூணு டிக்கெட்டு எடுக்கவா அத்தைன்னு எனக்குத் தனியாக் கேட்டு எழுதியிருந்தான். ரெண்டு போதும்னு நான்தான் எழுதினேன். முண்டச்சிக்கு எதுக்கு விளையாட்டுத் தோட்டம்னு நாலு பேரு சிரிப்பாகன்னு தோணுச்சு."

பொன்னழகு அவள் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

"எழுதித் தபால்ல போட்டுட்டு, அடுத்த வாரமே அமீனாவைக் கூட்டிக்கிட்டுப் போயி பாஸ்போர்ட்டுக்கு போட்டோ எடுத்துக்கிட்டேன். பாஸ்போர்ட்டும் வந்து ஒரு மாசமாச்சு. ஏன் செஞ்சேன்னு கேட்டா என்ன சொல்லுவேன்? போக வேணாம்னு எழுதினதும் நான்தான், போறதுக்கு வழி பண்ணினதும் நான்தான்." எதற்கும் ஒரு விதி வைத்திருந்த நாச்சியார் தம்பி மனைவியின் தோளில் முகத்தைச் சாய்த்துக்கொண்டாள். "எனக்கு என்ன வேணும்னு எனக்கே தெரியலையே ஆத்தா. நீயே சொல்லு, நான் என்ன செய்யட்டும்?"

ஒரு நிமிஷம் முன்பு வரை பொன்னழகுக்கும் ஒன்றும் தெரியாமல்தான் இருந்தது. அவள் பச்சைக் கண்டாங்கியை எடுத்து உதறி, அந்த வெள்ளைச் சேலைக்கு மேலாக நாச்சியாரின் தோளைச் சுற்றிப் போர்த்தினாள். பிறகு கம்பிக்கு வெளியே தலையை நீட்டி, கீழே அண்ணாந்து நின்ற புருஷனைப் பார்த்துக் கத்தினாள்.

"ஏங்க! இந்த ஊர்ல தந்தியாபீஸ் எங்க இருக்கு? மூடுறதுக்குள்ள எங்களை இறக்கி விடுங்க, புள்ளைகிட்ட இன்னொரு டிக்கெட்டு கேக்கணும்!"